இடையிலே நின்ற வாசிப்பு

பிரெஞ்சுப் புரட்சியின் சரித்திரத்தைப் படிப்போர் பெரும்பாலும் இரண்டு நாட்களை நினைவிற் கொள்வர். ஒன்று பஸ்தீல் கோட்டை வீழ்ந்த நாள்; மற்றையது மன்னன் தலை வீழ்ந்த நாள். எனக்கோ அச்சரித்திரத்திலே மீண்டும் மீண்டும் சென்று நிற்கத் தோன்றுவது 1792 ஆம் ஆண்டு ஏப்பிரில் 20 ஆந் திகதியாகும். அன்று பாரிஸ் நகரிலே கூடிய சட்டசபையில் ஒரு துளி இரத்தமும் சிந்தவில்லை. கூச்சம் மிகுந்தவரும் குரல் வளம் குறைந்தவருமான ஒரு கணித அறிஞர் கையிற் காகிதக் கட்டுடன் மேடையேறினார். நாட்டின் பிள்ளைகள் அனைவர்க்கும் அரசு செலவிற் கல்வியளிப்பது எங்ஙனம் என்பதைப் படிக்கத் தொடங்கினார். படித்து முடிப்பதற்குள் சபைக்கு வேறோர் அலுவல் வந்து சேர்ந்தது. அவ்வலுவல் போர். அறிக்கையைப் படித்தவர் கொண்டோர்சே.

1743 ஆம் ஆண்டு செப்டெம்பர் 17 ஆந் திகதி, பிக்கார்டி மாகாணத்து ரீப்மொன் என்னும் சிற்றூரிலே அவர் பிறந்தார். தந்தையார் குதிரைப்படைக் கப்டன். அக்காலத்துப் பழைய பிரபுக் குடும்பங்களிலே வாளேந்துவதே குலத்தொழில். குழந்தை பிறந்து ஐந்து வாரமாகுமுன்னரே, ரைன் நதியோரத்து நெப்-பிரிசாக் கோட்டையருகே நடந்த படைப்பயிற்சியொன்றில் தந்தையார் உயிரிழந்தார். பகைவர் கையாலன்றி, வெறும் ஒத்திகையிலே அவர் மாண்டது கவனிக்கத்தக்கது. கைம்பெண்ணான தாய், எஞ்சிய ஒரே மகனை மரியன்னைக்கு நேர்ந்து, எட்டு வயது கடக்கும்வரை பெண் பிள்ளையின் வெள்ளைச் சட்டையையே அணிவித்து வளர்த்தாள். ஓடியாடி விளையாடாத அப்பிள்ளைக்குப் பிற்காலத்திலும் பலர் கூடிய இடத்தில் நிமிர்ந்து நின்று பேசும் வழக்கம் கைகூடவேயில்லை என்பர்.

தந்தையின் சகோதரர் ஒருவர் மேற்றிராணியார். அவருடைய ஏற்பாட்டாற் சிறுவன் றேம்ஸ் நகரத்து இயேசு சபையாரிடமும், பின்னர் பாரிஸில் நவார்க் கல்லூரியிலும் கற்றான். பதினாறாவது வயதில் அவன் நிகழ்த்திய கணித ஆய்வுரையைக் கேட்ட பரிசோதகருள் தலம்பேர், கிளேரோ ஆகிய பெருங் கணிதர் இருந்தனர். உறவினர் அவனைப் படையதிகாரி ஆக்கவே விரும்பினர். அவனோ கணிதமே வேண்டுமென்று வீட்டாரோடு போராடி வென்றான். 1765 இல் தொகையீட்டு நுண்கணிதம் பற்றிய நூல், 1769 இல் விஞ்ஞானக் கழகத்தில் இடம், 1776 இல் அக்கழகத்தின் நிரந்தரச் செயலாளர் பதவி, 1782 இல் பிரெஞ்சுக் கழகத்தில் ஆசனம் என அவர் வாழ்வு வேகமாக உயர்ந்தது. 1785 இல் அவர் வெளியிட்ட நூலொன்று வாக்கெடுப்புக்களைக் கணிதத்தால் ஆராய்ந்தது. மூவர் போட்டியிடும்போது பெரும்பான்மையின் விருப்பமே ஒரு வட்டமாகச் சுழன்று முடிவற்றுப் போகலாம் என்று அதிலே காட்டினார். அக்கண்டுபிடிப்பு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. கணிதச் சிறப்பைக் கூற வேறு கட்டுரை வேண்டும். நான் பேச வந்தது நாட்டின் வரவு செலவைப் பற்றி.

அத்துறையில் அவருக்குக் குருவாக வாய்த்தவர் தூர்கோ. 1774 இல் தூர்கோ நாட்டின் நிதிப் பொறுப்பை ஏற்றபோது கொண்டோர்சேயை நாணயச்சாலையின் மேற்பார்வையாளராக்கினார். நாடு முழுதுக்கும் பொதுவான கல்விச் சபையொன்றை நிறுவுதல் தூர்கோவின் எண்ணங்களுள் ஒன்றாக இருந்தது. அதே வேளையில், அமெரிக்கக் குடியேற்றங்கள் இங்கிலாந்தை எதிர்த்து எழுந்தபோது, பிரான்ஸ் அப்போரில் இறங்கினால் திறைசேரி தாங்காது என்று மன்னரை எச்சரித்தவரும் அவரே. 1776 மே மாதம் அவர் பதவியிழந்தார். 1778 இல் பிரான்ஸ் போரில் இறங்கியது. அமெரிக்கர் விடுதலை பெற்றனர். பிரான்சுக்கு நூறு கோடி லீவருக்கு மேற் செலவாயிற்று. லீவர் என்பது அக்காலத்துப் பிரெஞ்சு நாணயம். அமெரிக்கரின் விடுதலையை மனமார வாழ்த்தியவர் கொண்டோர்சே. பிராங்கிளினும் ஜெபர்சனும் அவருக்கு நண்பர். ஆயினும் வாழ்த்து வேறு, செலவுச் சிட்டை வேறு.

அச்சிட்டையை நாம் இன்றுங் காணலாம். 1788 ஆம் ஆண்டுக்கு முடியரசு தயாரித்த கணக்கின்படி மொத்தச் செலவு ஏறத்தாழ 62 கோடியே 90 இலட்சம் லீவர். அதிற் சரிபாதி, அதாவது 31 கோடியே 80 இலட்சம், பழைய கடனுக்கு வட்டியும் தவணையுமாகச் சென்றது. அக்கடனிற் பெரும் பங்கு முன்னைய போர்கள் வைத்துப் போனது. நடப்பு ஆண்டின் படைச் செலவு 16 கோடியே 50 இலட்சம். அரண்மனையாருக்கு 3 கோடியே 50 இலட்சத்துக்குச் சற்று மேல். கல்விக்கும் ஏழைகளின் நிவாரணத்துக்கும் சேர்த்து 1 கோடியே 20 இலட்சம். நூற்றுக்கு இரண்டு விழுக்காடும் முழுமையாக இல்லை. இறந்த போர்களுக்குப் பாதி, இனி வரும் போர்களுக்குக் காற்பங்கு, பிள்ளைகளுக்கும் பிச்சைக்காரருக்கும் சேர்த்து ஐம்பதில் ஒரு பங்கு. அவ்வாண்டுகளின் திருமணப் பதிவேடுகளிலே ஆண்களில் நூற்றுக்கு 47 பேரும் பெண்களில் 27 பேருமே கையொப்பமிட வல்லவராயிருந்தனர் என்பதில் வியப்பென்ன?

1786 இல் கொண்டோர்சே தம்மினும் இருபது வயது இளையவரான சோபி டி குரூஷி அம்மையாரை மணந்தார். நாணயச்சாலை மாளிகையிலிருந்த அவர்கள் இல்லம் ஐரோப்பிய அறிஞரின் சந்திப்பிடமாயிற்று. அடிமை முறையை எதிர்த்து 1781 இலேயே புனைபெயரில் நூலெழுதியவர் அவர். பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமென்று 1790 இல் வாதிட்டவர். அக்காலத்தே அவ்வாதத்தைக் கேட்டுச் சிரித்தவர்களே அதிகம்.

புரட்சி வந்தது. 1789 ஓகஸ்ட் மாதம் கோயில்களுக்குச் சேர்ந்த தசமபாக வரி ஒழிக்கப்பட்டது. நவம்பரில் கோயில் நிலங்கள் நாட்டின் உடைமையாயின. சீர்திருத்தம் நல்லதே. ஆனால் கிராமத்துப் பள்ளிகளும் பட்டினத்துக் கல்லூரிகளும் பெரும்பாலும் அவ்வருவாயிலேதான் நடந்து வந்தன. பழைய ஊற்று அடைபட்டது. புதிய ஊற்றோ இன்னும் தோண்டப்படவில்லை. நிலங்களை ஈடாக வைத்து அஸிஞ்ஞா என்னும் கடதாசி நாணயம் அச்சிடப்பட்டது. 1791 இலே கொண்டோர்சே பொதுக்கல்வி பற்றி ஐந்து நீண்ட கட்டுரைகளை எழுதினார். அவ்வாண்டு செப்டெம்பரில் பாரிஸ் மக்கள் அவரைச் சட்டசபைக்குத் தெரிந்தனர். கல்விக் குழுவின் தலைமை அவரிடம் வந்தது. குழு ஏறத்தாழ ஆறு மாதம் உழைத்து உருவாக்கிய திட்டத்தைத்தான் அவர் ஏப்பிரில் 20 இல் மேடைக்குக் கொண்டு சென்றார்.

அத்திட்டம் என்ன கூறியது? நானூறு பேர் வாழும் கிராமம் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆரம்ப பாடசாலையும் ஓர் ஆசிரியரும். நாலாயிரம் பேர் வாழும் பட்டினம் ஒவ்வொன்றுக்கும் ஓர் இரண்டாந்தரப் பாடசாலை. அதற்கு மேல் நாடெங்கும் 110 கல்லூரிகள். அதற்கும் மேல் ஒன்பது உயர் கலாசாலைகள். உச்சியிலே விஞ்ஞானங்கட்கும் கலைகட்குமான தேசியக் கழகம். எல்லாப் படிகளிலும் கல்வி இலவசம். ஆண் பிள்ளைகட்கும் பெண் பிள்ளைகட்கும் ஒரே அறிவு. கற்றுத் தேறும் ஏழைப் பிள்ளைகளை மேற்படிகளிலே தாய்நாட்டின் மாணாக்கர் என்னும் பெயரால் அரசே தாபரித்தல். ஞாயிறுதோறும் ஆசிரியர் ஊரிலுள்ள முதியோர்க்கும் விரிவுரை செய்தல். பாடசாலையில் எதைக் கற்பிப்பது என்பதில் ஆட்சியாளரின் கை நுழையாமல் அறிஞர் கழகமே மேற்பார்வை செய்தல். இக்கடைசி விதியே எல்லாவற்றிலும் துணிவானது என்பது என் எண்ணம். பணத்தை அரசிடம் கேட்டுக்கொண்டே, அப்பணத்தால் அரசு பிள்ளைகளின் உள்ளத்தை விலைக்கு வாங்கலாகாது என்றுங் கூறுவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! சட்டத்தில் எல்லாரும் சமம் என்று எழுதிவிட்டு, அச்சட்டத்தைப் படிக்கத் தெரியாதவரை நாட்டில் விட்டு வைத்தால், படிக்கத் தெரிந்தவருக்கு மற்றவர் அடிமையாவர் என்பதே அவர் வாதத்தின் கரு.

அறிக்கை நெடியது. அவர் படித்துக்கொண்டிருக்கையில் மன்னர் பதினாறாம் லூயி தம் அமைச்சர்களுடன் சபைக்கு வருகிறார் என்ற செய்தி வந்தது. வாசிப்பு நின்றது. வெளிநாட்டமைச்சர் துமூரியே ஓர் அறிக்கையைப் படித்தார்; அதன்பின் மன்னர், ஹங்கேரி, பொஹீமியா நாடுகளின் அரசனாகிய ஒஸ்திரிய இளவரசன் மீது போர் தொடுக்குமாறு சபையை வேண்டினார். சபை அன்று மாலையே கூடி விவாதித்து, ஆரவாரத்தோடு போரை ஏற்றது. எதிர்த்து நின்றவர் ஏறத்தாழ ஏழு பேர் மாத்திரமே. பிள்ளைகளின் கல்வியைத் திட்டமிட ஆறு மாதம் பிடித்தது. போரைத் தீர்மானிக்க ஒரு மாலைப் பொழுது போதுமாயிருந்தது.

அவ்வேழு பேரிலே கொண்டோர்சே இல்லை. இவ்விடத்தில் அவரைப் போற்றுவோர் பலர் விரைந்து நடந்து விடுகின்றனர். நான் சற்று நின்று பார்க்க விரும்புகிறேன். அவர் போருக்கு ஆதரவாகவே வாக்களித்தார். அதுமட்டுமன்றி, பிரான்ஸ் ஏன் வாளெடுத்தது என்பதை உலகுக்கு விளக்கும் அறிக்கையை வரைந்தவரும் அவரே. நாடு பிடிக்கும் போரை நடத்துவதில்லை என்று 1790 மே மாதத்திலேயே பிரான்ஸ் உலகறியக் கூறியிருந்தது. அவ்வுறுதி மாறவில்லை என்றும், இது சுதந்திரத்தைக் காக்கும் போர் என்றும் அவர் எழுதினார். எல்லையிலே ஓடிப்போன பிரபுக்கள் படை திரட்டியிருந்தது உண்மை. ஒஸ்திரியாவின் மிரட்டலும் உண்மை. பிரிஸ்ஸோ முதலிய அவருடைய தோழர்களோ, போர் குறுகியதாய் முடியும், மன்னரின் இரண்டகம் வெளிப்படும், அண்டை நாட்டு மக்கள் பிரெஞ்சுப் படையைக் கைநீட்டி வரவேற்பர் என்று நம்பினர். அன்று பாரிஸில் போரை விடாப்பிடியாக எதிர்த்துப் பேசி வந்தவர் ரொபெஸ்பியர். பின்னாளிற் பயங்கர ஆட்சியை நடத்திய அதே ரொபெஸ்பியர்! சரித்திரம் நம் வசதிக்காக நல்லோரையும் தீயோரையும் பிரித்து நிறுத்துவதில்லை.

நிகழ்தகவைக் கணித்தவர், போர் எவ்வளவு காலம் நீளும் என்பதைக் கணிக்கவில்லை. ஒரு வரவு செலவிலே பள்ளிக்கும் படைக்கும் ஒருங்கே இடமுண்டு என்று அவர் எண்ணினார் போலும். மறுநாள், ஏப்பிரில் 21 இல், அறிக்கையின் மீதியைப் படித்தார். சபை அதனை அச்சிடப் பணித்தது. செலவு எவ்வளவாகும் என்ற மதிப்பீட்டைக் கேட்டது. விவாதத்தைத் தள்ளி வைத்தது. போருக்கு மதிப்பீடு கேட்டு எவரும் அதனைத் தள்ளி வைக்கவில்லை. அப்போர் சிற்சில இடைவெளிகளோடு இருபத்து மூன்று ஆண்டுகள் நீடித்து, 1815 இல் வாட்டர்லூவிலேதான் ஓய்ந்தது.

பள்ளிகளுக்கு நேர்ந்ததைச் சுருங்கக் கூறுகிறேன். 1793 பெப்ரவரியில் இங்கிலாந்தோடும் ஒல்லாந்தோடும் போர் மூண்டது. அம்மாதமே மூன்று இலட்சம் பேரைப் படைக்குத் திரட்டச் சட்டம் வந்தது. மார்ச் 7 இல் ஸ்பெயின் மீது போர்ப் பிரகடனம். மறுநாள் மார்ச் 8 இல், கல்லூரிகளுக்கு எஞ்சியிருந்த அறக்கொடை நிலங்களை விற்றுவிடுமாறு கட்டளை. ஆசிரியர் சம்பளத்தை இனி அரசு கொடுக்கும் என்றார்கள். அரசிடம் இருந்ததோ நாளுக்கு நாள் மதிப்பிழந்த கடதாசி. ஓகஸ்ட் 8 இல் விஞ்ஞானக் கழகம் உள்ளிட்ட கழகங்கள் அனைத்தும் மூடப்பட்டன. ஓகஸ்ட் 23 இல் நாட்டு மக்கள் யாவரும் போர்ப்பணிக்கு உரியர் எனச் சட்டமாயிற்று. 1794 பெப்ரவரி, மார்ச் மாதங்களில் அரசு தன் செலவில் ஒரு சிறந்த பாடநெறியை நடத்தியது என்பதையும் கூறியாகவேண்டும். நாட்டின் மாவட்டந்தோறுமிருந்து ஆட்களைப் பாரிஸுக்கு வரவழைத்து, மொன்ஜ், பெர்த்தொல்லே போன்ற தலைசிறந்த விஞ்ஞானிகளைக் கொண்டு கற்பித்தனர். கற்பித்த பாடம் வெடியுப்பு எடுத்தலும், வெடிமருந்து செய்தலும், பீரங்கி வார்த்தலும்.

அம்மாதங்களிலே கொண்டோர்சே தலைமறைவாக இருந்தார். மன்னரின் விசாரணையில் அவர் குற்றத்தை ஏற்றபோதிலும் மரண தண்டனைக்கு உடன்படவில்லை. அவர் வரைந்த அரசியலமைப்பை ஒதுக்கிவிட்டு வேறொன்றை அவசரமாக நிறைவேற்றியவர்களை வெளிப்படையாகக் கண்டித்தார். 1793 ஜூலை 8 இல் அவரைக் கைதுசெய்யக் கட்டளை பிறந்தது. பாரிஸில் லுக்சம்பேர்க் பூங்காவுக்கருகே சிறு விடுதி நடத்தி வந்த வேர்னே அம்மையார் என்னும் கைம்பெண், முன்பின் அறியாத அவருக்கு அடைக்கலம் அளித்தாள். அடைக்கலம் அளித்தவருக்கும் கொலைத்தண்டனையே என்பதை அறிந்தே அளித்தாள். மனைவி சோபி, நகருக்குள் உள்ளாடைக் கடையொன்றை வைத்தும், சிறையிலிருந்தோரின் சிற்றுருவங்களை வரைந்தும் குழந்தை எலிஸாவைக் காப்பாற்றினார். மறைவாக வந்து கணவரைக் கண்டு சென்றார். அவர் தூண்டுதலினாலேதான் கொண்டோர்சே, தம்மைக் காக்கும் வழக்குரைகளை எழுதுவதை விட்டு, மனித அறிவின் வளர்ச்சி பற்றிய தம் பெருநூலின் சுருக்கத்தை எழுத முற்பட்டார் என்பர். ஒன்பது மாதம் அச்சிறு அறையிலே, துணை நூல்களின்றி, அதனை எழுதினார். நாடுகளுக்கிடையேயும் மக்களுக்கிடையேயும் சமத்துவம் வளரும். போரை மக்கள் கொள்ளை நோயாகவும் பெருங்குற்றமாகவும் கருதும் காலம் வரும் என்று அதன் இறுதிப் பகுதி நம்பிக்கையோடு பேசுகிறது. வெளியே தோழர்களின் தலைகள் வீழ்ந்துகொண்டிருந்த நாட்களில் எழுதப்பட்ட நம்பிக்கை அது.

தம்மால் வேர்னே அம்மையாருக்கு ஆபத்து நெருங்குகிறதென அஞ்சி, 1794 மார்ச் 25 இல், அவள் கண்ணிற்படாமல் அவ்வீட்டை விட்டு வெளியேறினார். பழைய நண்பர் சுவார் வீட்டை நாடினார். தங்க இடங் கிடைக்கவில்லை. இரண்டு நாள் அலைந்து, 27 இல், கிளமார் என்னும் ஊரிலே ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தபோது பிடிபட்டார். எத்தனை முட்டை வேண்டும் என்று கேட்டபோது பன்னிரண்டு என்று கூறி, தாம் பிரபு என்பதைத் தாமே காட்டிக்கொண்டார் என்ற கதை எல்லா நூல்களிலும் உண்டு. கதை சுவையானது, நான் அதற்குப் பொறுப்பேற்கமாட்டேன். அவரைப் பூர்-லா-ரேன் சிறைக்கூடத்தில் அடைத்தனர். 29 ஆந் திகதி காலை அறையிலே பிணமாகக் கிடந்தார். நஞ்சு என்பாரும் உளர். சோர்வினால் இதயம் நின்றது என்பாரும் உளர். உடல் பொதுக்குழியிற் புதைக்கப்பட்டுக் கண்டெடுக்க முடியாது போயிற்று. 1989 இல் பிரெஞ்சுக் குடியரசு அவரைப் பாந்தெயோனில் வைத்துக் கௌரவித்தபோது வெறும் பேழையையே கொண்டு சென்றது.

மறைவிலிருந்து எழுதிய நூல் 1795 இல் அச்சேறியது. அதே அரசு தன் பணத்தில் மூவாயிரம் பிரதிகளை வாங்கி நாடெங்கும் அனுப்பியது. அதற்குச் சற்று முன், 1794 நவம்பரில், ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்றும், ஆசிரியருக்கு ஆண்டொன்றுக்கு 1,200 லீவர், ஆசிரியைக்கு 1,000 லீவர் என்றும் லக்கனால் கொண்டுவந்த சட்டம் நிறைவேறியிருந்தது. போரை நடத்துவதற்காக அச்சிட்டுக் குவித்த கடதாசி நாணயமோ, 1795 நடுப்பகுதிக்குள் முகமதிப்பில் இருபதில் ஒரு பங்கும் பெறாத நிலைக்கு வந்துவிட்டது. ஆயிரத்து இருநூறு லீவர் சம்பளம் பெற்ற ஆசிரியர் அதனைக்கொண்டு குடும்பம் நடத்தியது எங்ஙனம்? ஒக்டோபர் 25 இல் தோனுவின் சட்டம் அச்சம்பளத்தையும் நிறுத்தியது. குடியிருக்க ஓரிடம் மட்டும் தந்து, மீதியைப் பிள்ளைகளின் பெற்றோரிடம் வசூலித்துக்கொள்ளச் சொன்னது.

கொண்டோர்சேயைச் சுற்றிலும் படைவீரர் இருந்தமை விந்தையே. தந்தை குதிரைப்படைக் கப்டன். மைத்துனர் குரூஷி நெப்போலியனின் மார்ஷல். வாட்டர்லூவுக்கு உரிய வேளையில் வந்து சேராதவர் என்று சரித்திரம் இன்றும் ஏசுவது அவரையே. மகள் எலிஸா 1807 இல் மணந்தது, அயர்லாந்திலிருந்து வந்து நெப்போலியனின் படையில் ஜெனரலாக விளங்கிய ஆதர் ஓ'கொன்னரை. சோபி அம்மையார் 1822 இல் மறைந்தார். அந்த ஜெனரலும் எலிஸாவும் வானியலறிஞர் அராகோவின் துணைகொண்டு 1847 முதல் 1849 வரை கொண்டோர்சேயின் எழுத்துக்களைப் பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்டனர். ஏப்பிரில் 20 இல் இடையிலே நின்ற அறிக்கையும் அவற்றிலே இடம்பெற்றது.

ஊர்தோறும் பள்ளி வேண்டும் என்ற சட்டம் கீஸோவின் காலத்தில், 1833 இலேதான் வந்தது. அதுவும் ஏழைகளுக்கு மட்டுமே இலவசம். 1870 இல் ஜூல் ஃபெரி என்னும் இளம் அரசியல்வாதி பாரிஸில் ஆற்றிய கல்விச் சொற்பொழிவிலே கொண்டோர்சேயைத் தம் வழிகாட்டியாக எடுத்துக் காட்டினார். அமைச்சரானபின் 1881 இல் ஆரம்பக் கல்வியை யாவர்க்கும் இலவசமாக்கினார். 1882 இல் கட்டாயமாக்கினார். ஏப்பிரில் 20 இற்கும் அச்சட்டங்களுக்கும் இடையே தொண்ணூறு ஆண்டுகள். அதே ஃபெரி 1885 மார்ச் மாதத்தில், தொங்கிங் நாட்டிலே தாம் நடத்திய போருக்காக இருபது கோடி பிராங் வேண்டுமென்று பாராளுமன்றத்தைக் கேட்டார். சபை மறுத்தது, அவர் பதவி போயிற்று. அவருடைய பள்ளிச் சட்டங்கள் நின்றன.